ஒற்றைப் பிறழ்வு விளக்காத ரத்தச்சோகை: பீட்டா குளோபின் மரபணுவில் ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வருவது குறிப்பிட்ட ஒருவரின் மருத்துவக் கோப்பு அல்ல. இவ்வகைக் குடும்பங்களில் வழக்கமாகக் காணப்படும் அளவுகளைக் கொண்டு அமைத்த மாதிரி நிகழ்வு. பெரியவர்களின் முக்கிய ஹீமோகுளோபின் (ஏ) ஆல்ஃபா, பீட்டா என்ற இரு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. பீட்டா சங்கிலிக்கான பீட்டா குளோபின் மரபணுவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சுமார் 1,600 டி.என்.ஏ. எழுத்து (ஏ, ஜி, சி, டி) நீளமே உள்ள இந்தச் சிறிய மரபணுவில் ஏறக்குறைய எல்லா வகைப் பிறழ்வுகளும் (எழுத்து மாற்றங்களும் இழப்புகளும்) பதிவாகியுள்ளன. பிறழ்வின் வகையைத் தெரிந்துகொண்டால் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்கும்: புரதம் எவ்வளவு மிஞ்சும், எந்தப் பரிசோதனை அந்தப் பிறழ்வைக் காணாமல் விடும். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. இந்த நிகழ்வில் சிக்கல் அங்கேதான் வந்தது.

நிகழ்வு

குழந்தையின் வயது 11 மாதம், எடை 6.9 கிலோ. பிறந்தபோது எந்தக் குறையும் இல்லை. ஏழாம் மாதத்திலிருந்து வெளிறல், பால் குடிப்பதில் சோர்வு, எடை ஏறாமை. இரும்புச்சத்துச் சொட்டு மருந்து இரண்டு மாதம் கொடுத்தும் பலனில்லை. பரிசோதனையில் மண்ணீரல் விலா விளிம்புக்குக் கீழே 4 செ.மீ., கல்லீரல் 3 செ.மீ.

ஹீமோகுளோபின் 5.8 கிராம்/டெசிலிட்டர், சிவப்பணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 32 லட்சம், எம்.சி.வி. (ஒரு சிவப்பணுவின் சராசரிக் கன அளவு) 59 ஃபெம்டோலிட்டர், எம்.சி.ஹெச். (ஒரு சிவப்பணுவிலுள்ள சராசரி ஹீமோகுளோபின்) 18 பிகோகிராம். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 140 நானோகிராம்/மில்லிலிட்டர். ஆகவே இரும்புக் குறைபாடு காரணமல்ல. சிவப்பணுச் சிதைவைக் காட்டும் மறைமுக பிலிருபின் 1.8 மி.கி./டெசிலிட்டர். ரெட்டிகுலோசைட் (மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவந்த இளம் சிவப்பணு) 4 சதவீதம். இவ்வளவு கடுமையான சோகைக்கு இது மிகக் குறைவு. மஜ்ஜை முழுமூச்சாக வேலை செய்தும் முற்றிய அணுக்கள் வெளியே வந்துசேரவில்லை என்பதையே இந்த எண் சொல்கிறது.

வெள்ளணு எண்ணிக்கையை இயந்திரம் 38,000 என்று அச்சிட்டிருந்தது. தொற்று என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடும் இடம் இது. ரத்தப் பூச்சில் (கண்ணாடிச் சில்லில் பூசிய ரத்தம்) நுண்ணோக்கியால் பார்த்தால் 100 வெள்ளணுவுக்கு 60 கரு உள்ள சிவப்பணுக்கள் இருந்தன. சில இயந்திரங்கள் இவற்றையும் வெள்ளணுவாக எண்ணிவிடுகின்றன. திருத்தக் கணக்கு: 38,000 × 100 ÷ 160 = 23,750. அதே பூச்சில் வெளிறிய சிறு அணுக்கள், இலக்கு வடிவ அணுக்கள், வடிவம் சிதைந்த துண்டுகள்.

ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுக்க வேண்டியவை

இந்த நிலையில் அவசரத்தில் முதலில் ரத்தத்தை ஏற்றிவிட்டு, பிறகு நோய் என்னவென்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த அவசரத்துக்கு மூன்று மாதம் விலை கொடுக்க நேரிடும். ஏற்றிய ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஏ குழந்தையுடையதோடு கலந்துவிடும், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையின் முடிவை நம்ப முடியாது. எனவே முதல் துளி ஏறுமுன் எடுக்க வேண்டியவை: ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் 2 முதல் 3 மில்லிலிட்டர் ரத்தம், ஹெச்.பி.எல்.சி.க்கும் டி.என்.ஏ.வுக்குமாக; சிவப்பணு ஆன்டிஜென் (அணுவின் மேற்பரப்பு அடையாளம்) வகைப்பாடு, குறைந்தபட்சம் சி, டி, ஈ, கெல் ரத்தத் தொகுதிகளுக்கு. இந்த வகைப்பாடு பின்னாளில் எதிர்ப்பொருள் உருவானால் பொருத்தமான ரத்தம் தேட உதவும். ஏற்றிய பிறகு ரத்த மாதிரியிலிருந்து நேரடியாகச் செய்வது கடினம். ஹெபாரின் குழாய் வேண்டாம், அது டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். மாதிரி எடுக்கத் தவறிவிட்டாலும் டி.என்.ஏ. வழி மூடிவிடுவதில்லை. டி.என்.ஏ. வெள்ளணுவிலிருந்துதான் வருகிறது, வெள்ளணு நீக்கிய ரத்தம் ஏற்றியிருந்தால் அதன் குறுக்கீடு மிகக் குறைவு.

மாதிரிகள் எடுத்தபின் சிவப்பணுச் செறிவு கிலோவுக்கு 10 மில்லிலிட்டர், அதாவது 69 மில்லிலிட்டர், நான்கு மணி நேரத்தில் மெதுவாக ஏற்றப்பட்டது. ஹீமோகுளோபின் 5-க்கும் கீழே இருந்தாலோ இதயம் திணறினாலோ அளவைப் பாதியாக்கி இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும்.

ஹெச்.பி.எல்.சி. முடிவு: ஹீமோகுளோபின் எஃப் (கருக்கால வகை) 89.2 சதவீதம், ஏ 7.4, ஏ2 (பெரியவர்களில் சிறு அளவில் இருக்கும் வகை) 3.1. பதினொரு மாதத்தில் எஃப் சில சதவீதமாகக் குறைந்திருக்க வேண்டும். தாய்க்கு ஹீமோகுளோபின் 10.9, சிவப்பணு 55 லட்சம், எம்.சி.வி. 66, ஏ2 5.4 சதவீதம். தந்தைக்கு 13.1, 64 லட்சம், 64, 5.1 சதவீதம். எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் தாய்க்கு 12, தந்தைக்கு 10. பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் இரும்புக் குறைபாட்டைவிடத் தலசீமியா (குளோபின் சங்கிலி குறைவாக உருவாகும் பரம்பரை நோய்) கேரியர் நிலைக்கே, அதாவது மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் பழுதைச் சுமக்கும் நிலைக்கே, வாய்ப்பு அதிகம். இது வடிகட்டும் கணக்கு மட்டுமே. தீர்ப்பு ஏ2 அளவில் இருக்கிறது. பீட்டா சங்கிலி குறையும்போது ஆல்ஃபா சங்கிலி டெல்டாவோடு கூடுதலாகச் சேர்வதால் ஏ2 உயர்கிறது. கடும் இரும்புக் குறைபாடு ஏ2-வைத் தாழ்த்திக் காட்டும். எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு இரும்பு கொடுத்துச் சரிசெய்தபின் மறுபடி அளக்க வேண்டும்.

பெற்றோர் இருவரும் கேரியர், குழந்தைக்கு இரு பிரதிகளும் பழுது. மருத்துவரீதியாக இவ்வளவில் நோய் பீட்டா தலசீமியா என்று தெளிவாகிவிட்டது.

மரபணு அறிக்கை சொன்னதும் சொல்லாததும்

குழந்தையின் டி.என்.ஏ.வில் பீட்டா குளோபின் மரபணுவை இரண்டு துண்டுகளாகப் பெருக்கி, சாங்கர் முறையில் (டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாக வாசிக்கும் முறை) வரிசை படித்தார்கள். அறிக்கையில் வந்தது ஒரே ஒரு பிறழ்வு: ஐ.வி.எஸ். 1-5 ஜி>சி, ஒரு பிரதியில் மட்டும். தாய்க்கும் அதுவே. தந்தையின் வரிசை முழுவதும் இயல்பு. கடைசி வரியில், “நோய் விளைவிக்கும் வேறு பிறழ்வு காணப்படவில்லை.”

அந்த வரியைத் தனியாகப் படித்தால் குழந்தை வெறும் கேரியர் என்று முடிவெடுக்கத் தோன்றும். கேரியர் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 5.8 இருக்காது, எஃப் 89 சதவீதமும் இருக்காது. தந்தையின் ஏ2 5.1 சதவீதம் அவர் பக்கமும் ஒரு பிறழ்வு உண்டு என்கிறது. ரத்த அறிக்கையும் மரபணு அறிக்கையும் முரண்பட்டால், “காணப்படவில்லை” என்பதற்கு “அந்த முறையால் காண முடியவில்லை” என்ற பொருளும் உண்டென்று நினைவில் கொள்ள வேண்டும்.

தேடல் பெரிய நீக்கங்களை நோக்கித் திரும்பியது. பீட்டா குளோபின் மரபணுவின் பின்முனையில் 619 எழுத்துகள் மொத்தமாக உதிர்ந்துபோகும் பிறழ்வு ஒன்று நன்கு அறியப்பட்டது. மரபணுவில் எக்ஸான் என்பது தூது ஆர்.என்.ஏ.வில் தங்கும் பகுதி, இன்ட்ரான் வெட்டி நீக்கப்படும் பகுதி. இந்த நீக்கத்தில் இரண்டாம் இன்ட்ரானின் கடைப்பகுதியும் மூன்றாம் எக்ஸான் முழுவதும் இல்லாமல் போகும். சாங்கர் வாசிப்புக்கான இரண்டாம் துண்டின் பின்முனை பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்க ஒட்டும் சிறு டி.என்.ஏ. இழை) ஒட்ட வேண்டிய இடம் அந்த 619-க்குள் இருந்தது. ஒட்ட இடமில்லாததால் அந்தத் துண்டில் தந்தை தந்த பிரதி பெருகவே இல்லை. தாய் தந்த பிரதி மட்டும் பெருகியது. திரையில் தெரிந்தது ஐயத்துக்கு இடமில்லாத, சுத்தமான, இயல்பான வரிசை. இப்படிச் சுத்தமாகத் தெரிவதுதான் ஆபத்து. தவறான எழுத்து இருந்தால் வாசிப்பில் இரட்டை உச்சியாகக் கண்ணில் படும். மொத்தமாக இல்லாமல் போன பகுதி அந்த வாசிப்பில் தடயம் விடாது.

உறுதிசெய்ய இடைவெளி பி.சி.ஆர். போதும். நீக்கப் பகுதிக்கு இருபுறமும் வெளியே ஒட்டும் பிரைமர் இணை வேண்டும். பரவலாகப் பயன்படும் இணை, இயல்பான பிரதியில் 861 எழுத்து நீளத் துண்டையும் நீக்கம் உள்ள பிரதியில் 242 எழுத்துத் துண்டையும் தரும்; வித்தியாசம் சரியாக 619. அகரோஸ் ஜெல்லில் தாய்க்கு 861 பட்டை மட்டும். தந்தைக்கும் குழந்தைக்கும் இரண்டு பட்டைகளும். இங்கே ஒரு கவனம்: குட்டையான துண்டு வேகமாகப் பெருகும், நீண்டது மங்கிப்போகலாம். அப்போது கேரியரை இரு பிரதிகளிலும் நீக்கம் உள்ளவராகத் தவறாகப் படிக்க நேரிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் தெரிந்த கேரியர் மாதிரி, தெரிந்த இயல்பு மாதிரி, டி.என்.ஏ. இல்லாத வெறும் நீர் ஆகிய மூன்றும் கூடவே ஓட வேண்டும். எல்லை தெரியாத நீக்கங்களுக்கு எம்.எல்.பி.ஏ. முறை. அது பிரதிகளின் எண்ணிக்கையை அளக்கிறது. இரு பிரதிகள் இருந்தால் விகிதம் 1.0-ஐ ஒட்டியும், ஒன்று போயிருந்தால் 0.5-ஐ ஒட்டியும் வரும்.

நீக்கத்துக்கு இன்னொரு அறிகுறியும் உண்டு. ஒரே இடத்தில் தந்தை இரு பிரதிகளிலும் ‘சி’, குழந்தை இரு பிரதிகளிலும் ‘டி’ என்று வாசிப்பு வந்தால் அது மரபு விதிக்கு முரண். குழந்தையின் தந்தை வேறொருவரோ என்ற ஐயத்துக்குப் போகுமுன், தந்தை கொடுத்த பிரதியில் அந்த இடமே இல்லாமல் இருக்கலாம் என்பதைப் பார்த்தாக வேண்டும். ஒரு குடும்பத்தின் அமைதி அந்த வரிசைமுறையில் அடங்கியிருக்கிறது.

இரண்டு பிறழ்வுகள், இரண்டு விதமான பழுது

தந்தை வழி வந்த நீக்கத்தின் விளைவை விளக்குவது எளிது. மூன்றாம் எக்ஸான் இல்லையென்றால் முழுமையான பீட்டா சங்கிலி இல்லை. அந்தப் பிரதியின் உற்பத்தி பூச்சியம்.

தாய் வழி வந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஐ.வி.எஸ். 1-5 என்றால் முதல் இன்ட்ரானின் ஐந்தாம் எழுத்து. புரதக் குறியீட்டில் அதற்கு இடமே இல்லை. எந்த அமினோ அமிலத்தையும் அது மாற்றாது. முதல் இன்ட்ரான் ஜி-டி-டி-ஜி-ஜி என்று தொடங்குகிறது. முதலிரண்டு எழுத்தான ஜி-டி, “இங்கே வெட்டு” என்ற கட்டாயக் குறி. அடுத்து வரும் எழுத்துகள் வெட்டும் கருவியின் ஒரு பகுதியான யு1 ஆர்.என்.ஏ. பிடித்து நிற்க உதவுபவை. ஐந்தாவது ஜி, சி ஆனதும் பிடி தளர்கிறது. தளர்ந்த கருவி அக்கம்பக்கத்தில் ஒத்த எழுத்துகள் உள்ள மூன்று போலி இடங்களிலும் வெட்டத் தொடங்குகிறது: எக்ஸானுக்குள் 38 எழுத்துக்கு முன்னால் ஒன்று, 16 எழுத்துக்கு முன்னால் ஒன்று, இன்ட்ரானுக்குள் 13 எழுத்து தள்ளி ஒன்று. அப்படிப் பிறக்கும் தூது ஆர்.என்.ஏ. எதுவும் பயன்படாது. ஆனாலும் சிறு பங்கு இன்னும் சரியான இடத்தில் வெட்டப்படுகிறது. ஹெச்.பி.எல்.சி.யில் கண்ட 7.4 சதவீத ஹீமோகுளோபின் ஏ இந்தச் சிறு பங்கிலிருந்து வந்தது.

நான்கு எழுத்து முன்னே நகர்ந்து அதே இன்ட்ரானின் முதல் எழுத்து ஜி, டி ஆகியிருந்தால், ஐ.வி.எஸ். 1-1, கட்டாயக் குறியே அழிந்துவிடும். சரியான வெட்டு ஒன்றுகூட நிகழாது. இரண்டையும் “ஸ்ப்ளைசிங் பிறழ்வு” (இன்ட்ரானை வெட்டி ஒட்டுவதில் பழுது) என்று ஒரே சொல்லில் அடக்கும் அறிக்கை மருத்துவருக்குப் பாதித் தகவலைத்தான் தருகிறது.

இதே மரபணுவில் மற்ற வகைகள்

அமினோ அமிலம் மாறும் பிறழ்வு. ஆறாம் கோடானில் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) ஜி-ஏ-ஜி, ஜி-டி-ஜி ஆனால் குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில் வாலின். சங்கிலியின் அளவு குறையாது, குணம் மாறும். ஆக்சிஜனை விட்டபின் அந்த வாலின் பக்கத்து மூலக்கூறின் ஒரு குழியில் பொருந்தி, நீண்ட இழைகளாகக் கோத்துக்கொள்ளும். அணு அரிவாள் வடிவில் வளையும். 1949-இல் லைனஸ் பாலிங் குழு இதை மூலக்கூறு நோய் என்று காட்டியது. மாறியது ஒரே அமினோ அமிலம்தான் என்பதை 1957-இல் வெர்னான் இங்ராம் நிறுவினார். அதே கோடானின் முதல் எழுத்து மாறி ஏ-ஏ-ஜி ஆனால் லைசின் வரும். அது ஹீமோகுளோபின் சி. விளைவு அரிவாள் நோயைவிட மிக லேசு. பழைய எண்ணிக்கையில் ஆறு என்பது இன்றைய சர்வதேசக் குறியீட்டில் ஏழு, ஏனெனில் தொடக்க மெத்தியோனினையும் இப்போது எண்ணுகிறார்கள். இரு அறிக்கைகளில் 6, 7 என்று வந்தால் இரண்டு நோய் என்று மயங்க வேண்டாம்.

வகைகள் ஒன்றோடொன்று கலப்பதற்கு ஹீமோகுளோபின் ஈ நல்ல சான்று. 26-ஆம் கோடானில் ஜி-ஏ-ஜி, ஏ-ஏ-ஜி ஆகிறது. குளூட்டமிக் அமிலம் லைசினாவது ஒரு விளைவு. மேலே சொன்ன 16 எழுத்து முன்னாலுள்ள போலி இடம் ஜி-டி-ஜி-ஏ-ஜி என்று இருந்தது. இந்த மாற்றத்தால் அது ஜி-டி-ஏ-ஏ-ஜி ஆகி, உண்மையான வெட்டுக் குறிக்கு இன்னும் நெருங்கிவிடுகிறது. எனவே சங்கிலியின் குணமும் மாறும், அளவும் குறையும். தாய் வழி ஈ-யும் தந்தை வழி தலசீமியாவும் சேர்ந்த குழந்தைகளுக்கு நோய் வருவது இந்த இரண்டாம் விளைவால்தான். ஹெச்.பி.எல்.சி.யில் ஈ, ஏ2-வின் நேரத்திலேயே வெளிவரும். ஏ2 25 சதவீதம் என்று அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் ஈ.

“அமைதிப் பிறழ்வு” என்ற பெயரை நம்பி ஒதுக்குவதும் தவறு. 24-ஆம் கோடான் ஜி-ஜி-டி, ஜி-ஜி-ஏ ஆனாலும் கிளைசின் கிளைசினாகவே இருக்கும். ஆனால் அந்த எழுத்தும் அதே போலி இடத்தின் அருகில் விழுவதால் அங்கே வெட்டு கூடுகிறது, பீட்டா தலசீமியா வருகிறது.

நிறுத்தப் பிறழ்வில் எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். 39-ஆம் கோடானில் சி-ஏ-ஜி, டி-ஏ-ஜி ஆனால் தொகுப்பு நடுவிலேயே நிற்கும். கடைசி எக்ஸான் இணைப்புக்குச் சுமார் 50 எழுத்துக்கும் மேலான தொலைவில் முன்கூட்டியே நிறுத்தம் வந்தால் செல் அதைக் கண்டுகொண்டு அந்தத் தூது ஆர்.என்.ஏ.வையே சிதைத்துவிடும். புரதம் பூச்சியம், ஆனால் கேடான புரதமும் இல்லை. அதனால் ஒரு பிரதியில் மட்டும் இருப்பவர் கேரியராகவே வாழ்வார். இதற்கு மாறாக 121-ஆம் கோடானில், மூன்றாம் எக்ஸானுக்குள், ஜி-ஏ-ஏ டி-ஏ-ஏ ஆனால் கண்காணிப்பு அதைப் பிடிக்காது. குட்டையான, நிலையற்ற சங்கிலிகள் உருவாகிப் படிந்து அணுவைக் கெடுக்கும். ஒரு பிரதியே நோயாளியாக்கப் போதும். முன்னதில் பழுது பெரியது, பின்னதில் சிறியது. ஆனால் ஒற்றைப் பிரதியில் கொடியது பின்னதுதான்.

சட்டகப் பெயர்ச்சி: 41, 42 கோடான்களில் நான்கு எழுத்து விழுந்தால் மூன்று மூன்றாகப் படிக்கும் வாசிப்பு அதன்பின் முழுவதும் நகர்ந்து, 59-ஆம் இடத்தில் நிறுத்தக் குறி வந்துவிடும். மூன்று எழுத்து விழுந்தால் கதை வேறு. ஹீமோகுளோபின் ஃப்ரைபர்க்கில் 23-ஆம் வாலின் மட்டும் இல்லை. மீதிச் சங்கிலி உருவாகிறது, ஆனால் நிலையற்றது.

மரபணு படியெடுக்கத் தொடங்கும் இடத்துக்கு 28 எழுத்து முன்னே ஏ, ஜி ஆகும் பிறழ்வு புரதத்தைத் தொடுவதில்லை, உற்பத்தி வேகத்தை மட்டும் குறைக்கும். பொதுவாக லேசான வடிவம்.

மூவெழுத்துத் தொடர் நீள்வதால் வரும் ஹண்டிங்டன் போன்ற நோய்கள், முழுக் குரோமோசோம் கூடும் டவுன் நோய்க்குறி ஆகியவற்றை இந்த மரபணுவால் விளக்க முடியாது. அவற்றின் பரிசோதனை முறைகளும் வேறு.

குழந்தையின் உடலில் நடப்பது

பீட்டா குறைந்தால் ஹீமோகுளோபின் குறைகிறது என்பது பாதி விளக்கம். ஆல்ஃபா சங்கிலி வழக்கம்போல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. துணையில்லாத ஆல்ஃபா கரைந்து நிற்காது. மஜ்ஜையில் வளரும் அணுவுக்குள்ளேயே படிந்து, சவ்வைச் சிதைத்து, அணுவை முற்றுமுன் கொன்றுவிடுகிறது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினைச் சிறுநீரகம் கூட்டுகிறது, மஜ்ஜை பெருகுகிறது, முக எலும்பும் மண்டையோடும் உப்புகின்றன, மண்ணீரல் வீங்குகிறது. பெருகிய சிவப்பணு முன்னோடிகள் எரித்ரோஃபெரோனைச் சுரந்து இரும்பு உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் கல்லீரலின் ஹெப்சிடினை அடக்குவதால், ரத்தம் ஏற்றாமலேயே குடல் கூடுதல் இரும்பை உறிஞ்சுகிறது. இரும்புச் சொட்டு மருந்து இந்தக் குழந்தைக்குப் பயனற்றது மட்டுமல்ல, கேடானதும்கூட. ஆறு மாதம் வரை நோய் மறைந்திருந்தது ஹீமோகுளோபின் எஃப்-இல் பீட்டாவின் இடத்தில் இருக்கும் காமா சங்கிலியின் தயவால். அது பீட்டாவுக்கு இடம்விட்டு ஒதுங்கியபோது பற்றாக்குறை வெளிப்பட்டது.

ஏற்றத்தாழ்வுதான் நோயின் ஆணிவேர் என்பதால், ஆல்ஃபா பிரதி குறைந்தவர்களுக்கு நோய் தணிகிறது. ஆல்ஃபா பிரதி கூடியிருந்தால் பீட்டாவில் ஒரே பிறழ்வு உள்ளவருக்கும் நோய் வரலாம். காமா சங்கிலியை அடக்கும் பி.சி.எல்.11ஏ மரபணு போன்ற இடங்களிலுள்ள மரபு வேறுபாடுகள் எஃப்-ஐ உயர்த்தி உதவும். எனவே பிறழ்வு இணையை மட்டும் பார்த்து, “வாழ்நாள் முழுதும் ரத்தம் ஏற்ற வேண்டும்” என்று முதல் நாளே எழுதக் கூடாது. இரண்டு வாரத்துக்கும் மேலான இடைவெளியில் இருமுறை ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருப்பது, அல்லது வளர்ச்சித் தேக்கம், எலும்பு மாற்றம் ஆகியவையே தொடர் ஏற்றத்துக்கான அளவுகோல். இந்தக் குழந்தைக்கு அவை பொருந்தின.

தொடர் ஏற்றம் 2 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை. ஏற்றுமுன் உள்ள அளவு 9.5 முதல் 10.5-க்குள் நிற்க வேண்டும். ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மி.கி. இரும்பு இருக்கிறது, உடலுக்கு அதை வெளியேற்ற வழியில்லை. 10 முதல் 20 ஏற்றங்களுக்குப் பின், அல்லது ஃபெரிட்டின் 1,000-ஐத் தாண்டியதும், இரும்பு நீக்கி மருந்து தொடங்க வேண்டும். ஃபெரிட்டின் இதயத்தின் நிலையைச் சொல்லாது. எம்.ஆர்.ஐ.யில் டி2 ஸ்டார் அளவு 20 மில்லிசெகண்டுக்குக் கீழே போனால் இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கிறது. 10-க்குக் கீழே என்றால் இதயச் செயலிழப்பு அபாயம் மிக அதிகம்.

பொருத்தமான உடன்பிறப்பு கிடைத்தால் மஜ்ஜை மாற்றம் நோயைத் தீர்க்கும். 2023 நவம்பரில் பிரிட்டனில் முதலில் ஒப்புதல் பெற்ற கிறிஸ்பர் (டி.என்.ஏ.வைக் குறிபார்த்து வெட்டும் முறை) சிகிச்சை, அப்போது 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது, பீட்டா மரபணுவைத் தொடுவதே இல்லை. சிவப்பணு மரபில் பி.சி.எல்.11ஏ-வை இயக்கும் பகுதியை வேண்டுமென்றே உடைத்து, காமாவை மீண்டும் எழுப்புகிறது. அதனால் நீக்கமா, ஸ்ப்ளைசிங் பிறழ்வா என்ற வேறுபாடு அந்தச் சிகிச்சைக்குத் தடையில்லை.

குடும்பத்துக்கு

அடுத்த ஒவ்வொரு கருவுக்கும் நோய் வாய்ப்பு 25 சதவீதம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததுக்கு வராது என்று கணக்கிட முடியாது. கருவில் சோதிக்க விரும்பினால் 11-ஆம் வாரத்தையொட்டிக் கோரியான் (நஞ்சுக்கொடித்) திசு, அல்லது 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர். இரு பெற்றோரின் பிறழ்வும் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அது முடியும். தந்தையின் நீக்கம் கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால், தாயின் பிறழ்வு இல்லாத கரு, இருக்கும் கரு என்பதற்கு மேல் எதுவும் சொல்லியிருக்க முடியாது. மாதிரியில் தாயின் செல் கலக்கவில்லை என்பதை எஸ்.டி.ஆர். குறிகளால் (ஆளுக்கு ஆள் நீளம் மாறும் டி.என்.ஏ. தொடர்கள்) சரிபார்த்த பின்னரே முடிவு தர வேண்டும்.

தந்தையின் உடன்பிறந்தோருக்கு முதலில் ரத்த எண்ணிக்கையும் ஏ2-வும். கேரியர் எனத் தெரிந்தால் பரிசோதனைக் கோரிக்கையில், “பீட்டா குளோபின் வரிசை வாசிப்பு” என்று மட்டும் எழுதினால் அதே தவறு திரும்ப நடக்கும். “குடும்பத்தில் 619 எழுத்து நீக்கம் உறுதி; இடைவெளி பி.சி.ஆர். செய்க” என்று எழுத வேண்டும். தாய் வழி உறவினருக்கு, “ஐ.வி.எஸ். 1-5 ஜி>சி” என்ற பெயரோடு, சர்வதேசக் குறியீட்டில் சி.92+5ஜி>சி என்பதையும் சேர்த்து.